ஹுமா யாரிடம் இருக்கிறாள்

மஷ்ஹத்,
ஈரான்,
3 அக்டோபர் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் ஹுமாவின் நலமும் அறிய ஆசை. போனில் பேசலாமே என்பாய். உன் போன் எப்போதும் என் மகள் ஹுமா கையில்தானே இருக்கிறது? அவள் காதில் விழக்கூடாததைக் கடிதத்தில்தான் எழுத முடிகிறது.

போன வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது, "அம்மா, உப்பு எங்க வெச்சே?" என்றாள். "இங்கேருந்து நான் எப்படிடி சொல்லுவேன்?" என்று சிரித்தேன். "உன்னை இல்லம்மா, பெரியம்மாவைக் கேட்டேன்" என்கிறாள். அக்கா, பெரியம்மாவில் இருந்த 'பெரிய' எப்போது உதிர்ந்தது? நீ சொல்லிக் கொடுத்தாயா?

துருக்கி எல்லை மலையில் போலீஸ் என்னைப் பிடித்தபோது, "ஓடு, பெரியம்மாகிட்டப் போ" என்று பக்கத்து வீட்டுக்காரர்களோடு அவளைத் தள்ளிவிட்டவள் நான். உன்னிடம் போய்ச் சேரத்தான் சொன்னேன். உன் மகளாகிவிடச் சொல்லவில்லை.

இங்கே நம் ஆப்கன்காரர்களைத் தெருவிலேயே வளைத்துப் பிடித்து, எல்லை தாண்டி ஹெராத்துக்கு பஸ் ஏற்றுகிறார்கள். நான் வெளியே போவதே இல்லை. என் விசா விஷயம் என்ன ஆயிற்று?

வயிறெரியும் தங்கை,
ஃபெரெஷ்தா

---

ஸ்வோல்லே,
நெதர்லாந்து,
29 அக்டோபர் 2016

கண்ணு ஃபெரெஷ்தா,

வயிறெரிகிறதா? மோர் குடி.

நான் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்தது. தடுக்கவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியாததா?

அந்தச் சொல்தான் இப்போது காரியத்தைக் கெடுத்திருக்கிறது. அகதியாக ஏற்கப்பட்ட பிள்ளை தனியாக இருந்தால் பெற்றவளை வரவழைக்கலாம் என்றுதான் ஹுமா பெயரில் மனுப் போட்டோம். விசாரணையில் அதிகாரி, "நீ யார்கிட்ட இருக்கே?" என்று கேட்டிருக்கிறார். இவள் சமர்த்தாக, "அம்மாகிட்ட. எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றிருக்கிறாள். நல்லபடியாகப் பேசினால் உன்னைச் சீக்கிரம் அழைப்பார்கள் என்று நினைத்தாளாம், அசடு. பிள்ளை தனியாக இல்லை, தாய்போல ஒருத்தி இருக்கிறாள் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

போன வருஷம் வந்த அகதிகளுக்கு இந்த ஊரே கேக் சுட்டுக்கொண்டு ஓடியது. இப்போது வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் முகாமே வேண்டாம் என்று கூட்டம் போட்டுக் கத்துகிறார்கள். மனுக்கள் இடத்தை விட்டு நகர்வதில்லை.

ஹுமா என் வீட்டில் இல்லாமல் பிள்ளைகள் விடுதியில் இருந்தால் மேல்முறையீட்டில் வாய்ப்புண்டு என்கிறார் வக்கீலம்மா. எனக்கு மனசு வரவில்லையடி.

மஸூமா

---

மஷ்ஹத்,
21 நவம்பர் 2016

அக்காவுக்கு,

மனசு வரவில்லையா? எப்படி வரும்? மலை ஏறியது நான், பிடிபட்டது நான், பிள்ளை மட்டும் உனக்கு. அவளுக்கு நீ தலை வாரிவிடுவதைப் படமெடுத்து எனக்கே அனுப்புகிறாய். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கீழ்வீட்டு ஜமீலாவைச் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்விட்டார்கள். அடுத்தது நான்தான். ஹெராத்துக்குத் தள்ளிவிட்டால் அப்புறம் எந்த வழியும் இல்லை.

அவளை விடுதிக்கு அனுப்பு. அனுப்பாவிட்டால் நீ எனக்கு அக்கா இல்லை.

ஃபெரெஷ்தா

---

ஸ்வோல்லே,
18 டிசம்பர் 2016

ஃபெரெஷ்தா,

அனுப்பிவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று அழுதாள். "உங்கம்மா வர்றதுக்குத்தான்டி" என்றேன். "பொய். நான் உனக்குப் பாரமாயிட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லு, வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறேன்.

மஸூமா

---

மஷ்ஹத்,
14 ஜனவரி 2017

அன்புள்ள அக்காவுக்கு,

அவள் அழுதாள் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவிதான் நான். உன்னைப் பிரிகிற அழுகை என்று அப்புறம்தான் உறைத்தது. இருந்த சந்தோஷமும் போயிற்று.

அழைத்து வராதே. ஞாயிற்றுக்கிழமையும் போகாதே. வேறொருத்தியாக இருந்தால் "பிள்ளை உன்னிடமே சுகமாக இருக்கட்டும்" என்று எழுதியிருப்பாள். என்னால் அது முடியாது. எனக்கு என் மகள் வேண்டும். அவளுடைய திட்டை நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஃபெரெஷ்தா

---

ஸ்வோல்லே,
6 ஜூன் 2017

கண்ணு ஃபெரெஷ்தா,

மேல்முறையீட்டில் ஜெயித்துவிட்டோம். உனக்கு விசா கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. தெஹ்ரானில் எங்கே போக வேண்டும் என்பதைத் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு போ, யாரிடமும் வாய் கொடுக்காதே.

நீ சொன்னபடி நான் அவளைப் பார்க்கப் போகவில்லை. ஒரே ஒருநாள் விடுதிக்கு எதிரே நின்றேன். வளர்ந்திருக்கிறாள். யாரோ ஒரு பெண்ணோடு சிரித்துக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணைக் கண்டே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது என்றால் பார்த்துக்கொள்.

விமான நிலையத்துக்கு ஹுமா விடுதிக்காரர்களோடு வருவாள். நான் வரவில்லை. நீ அவளைக் கட்டிக்கொள்வாய், அதை நான் பார்க்க வேண்டாம்.

களைப்பெல்லாம் தீர்ந்தபிறகு ஒருநாள் வீட்டுக்கு வா, பாலக்கீரை சமைத்து வைக்கிறேன். நீ மட்டும் வா. அவளும் வந்து வாசலில் நின்றால், இன்னொரு முறை அனுப்பிவைக்கிற தெம்பு எனக்கு இல்லை.

உன் அக்கா,
மஸூமா