அறுபத்தொன்றாம் கவர்

8-9-1980, திங்கள்

இன்று ஆறு நோயாளி வீடு. வில்லாபுரத்தில் தொடங்கி கீழக்குயில்குடி வரை சைக்கிள் மிதித்ததில் முட்டி கழன்றுவிட்டது. எல்லா வீட்டிலும் அதே கேள்விதான்: "ஏம்மா, எங்களுக்கு மட்டும் ஊசி, அந்தாளுக்கு மட்டும் செவப்பு மாத்திரையா?"

எங்கள் டி.பி. நிலையத்தில் இரண்டு வைத்தியத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சிவப்பு மாத்திரை என்றால் தினமும் வந்து எங்கள் கண்ணெதிரே விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். மூன்று மாதத்தில் முடிந்தது. பழைய முறையில் வாரம் இரண்டு ஊசி, கூடவே வெள்ளை மாத்திரை, ஒரு வருஷம். யாருக்கு எது என்று, வரிசை நம்பர் போட்டு ஒட்டிய கவருக்குள் இருக்கிற சீட்டுதான் சொல்லும். பெரிய டாக்டர் ஒரு தடவை நோயாளிகளுக்கு அரை மணி நேரம் விளக்கினார், ஒரு தலைகூட ஆடவில்லை. நான்தான் எழுந்து சொன்னேன்: "கோயில்ல பூக்கட்டிப் பாக்குறோம்ல? செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். எது வருதோ அதான் உத்தரவு. இதுவும் அப்படித்தான்." எல்லாத் தலையும் ஆடியது. அன்றிலிருந்து டாக்டர் என்னைப் பூக்காரி என்று கிண்டல் செய்கிறார்.

தம்பி கருத்தக்கண்ணனுக்கு இருமல் நிற்கவில்லை. சளி எடுத்துத் தாடா என்றால் சிரிக்கிறான்.

11-9-1980

எக்ஸ்ரே வந்துவிட்டது. வலது பக்கம் மேலே ஓட்டை.

ஆயிரம் எக்ஸ்ரே பார்த்த கண் இது. இன்று படத்தை ஒரு தடவைக்கு மேல் வெளிச்சத்தில் பிடிக்காமல் உறையில் செருகிவிட்டேன். அம்மா சாகும்போது அவனுக்கு நான்கு வயது, எனக்குப் பதிமூன்று. என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. பயமாக இருக்கிறது. வேறு என்ன எழுத?

15-9-1980, திங்கள்

எழுதிவிடுகிறேன். எங்காவது எழுதாவிட்டால் வாய் தவறி யாரிடமாவது சொல்லிவிடுவேன்.

கவர் பிரிக்கிற கிளார்க் மருது லீவு. அவர் இல்லாத நாளில் அது என் வேலை. பெஞ்சில் இரண்டு பேர். ஒருவன் கருத்தக்கண்ணன். இன்னொருத்தி அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமம், தங்கப்பொண்ணு, வயல்வேலை செய்கிறவள், இருபத்துமூன்று வயது. சொந்தக்காரர் என்றால் வேறு ஆள்தான் பிரிக்க வேண்டும் என்று விதி. அவன் என் தம்பி என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவனையும் வாயைத் திறக்காதே என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

61 அவனுக்கு. பிரித்தேன். ஊசி, ஒரு வருஷம்.

62 தங்கப்பொண்ணுவுக்கு. பிரித்தேன். சிவப்பு மாத்திரை.

அறையில் யாரும் இல்லை. 61-இல் அவள் பெயரையும் 62-இல் அவன் பெயரையும் எழுதினேன். பேனா தானாக எழுதவில்லை, நான்தான் எழுதினேன்.

வெளியே வந்ததும் தங்கப்பொண்ணு கேட்டாள்: "எனக்கு எந்தப் பூக்கா?" வெள்ளை என்றேன். "சரிக்கா, சாமி பாத்துக் குடுத்தது" என்று சிரித்தாள்.

16-9-1980

காலையில் குளியலறையிலிருந்து தம்பி கத்தினான். "அக்கா! ரத்தமாப் போகுதுக்கா!" மாத்திரையின் சாயம்டா, பயப்படாதே என்று சிரித்துச் சமாளித்தேன்.

2-10-1980

லீவு. ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. மருது கவர்க் கட்டைச் சரிபார்த்தார், கையெழுத்துப் போட்டார், டீ குடிக்கப் போனார் - இதெல்லாம் நேற்று. இன்று வரை அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

20-10-1980

தம்பி கண் மஞ்சள்.

ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள்தான்.

21-10-1980

வார்டில் சேர்த்தாயிற்று. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். "சிவப்பு மாத்திரையில் சில பேருக்கு ஈரல் கெடலாம், பார்ப்போம்" என்றார் டாக்டர். பார்ப்போமா? நல்ல மருந்து என்றுதானே நான்... "எது நல்லதுன்னு தெரிஞ்சா கவர் எதுக்கு?" என்று அவர் வாய் வலிக்கச் சொன்னதெல்லாம் இப்போதுதான் காதில் விழுகிறது. இவனுக்கு வந்தது ஊசி. ஊசியே போட்டிருந்தால் இந்தக் கண் வெள்ளையாக இருந்திருக்கும்.

22-10-1980

ஐயோ, நானே எடுத்துக் குடுத்தேனே.

25-10-1980

கோயிலுக்குப் போனேன். டாக்டரிடம் சொல்வதா, வேண்டாமா? சிவப்பு வந்தால் சொல்வது, வெள்ளை வந்தால் வாயை மூடுவது. பூசாரி இரண்டு பொட்டலத்தையும் குலுக்கிப் போட்டார். ஒன்றை எடுத்தேன். பிரிக்கவில்லை. பிரித்துப் பிடிக்காவிட்டால் இன்னொன்றை எடுப்பேன் என்று எனக்குத் தெரியும். படியிலேயே வைத்துவிட்டு வந்தேன். பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

9-11-1980

மஞ்சள் இறங்குகிறது. அரை இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள். தினமும் காலையில் கண்ணை விரித்துப் பார்க்கிறேன். "விடுக்கா, பிதுங்கி விழுந்திரும்" என்கிறான்.

29-12-1980

தம்பியின் சளியில் கிருமி இல்லை. பட்டறை வேலைக்குத் திரும்பப் போகலாம் என்றுவிட்டார்கள். சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதக் கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது. கேசரி கிண்டினேன். தங்கப்பொண்ணு ஞாபகம் கேசரி தின்று கை கழுவியபிறகுதான் வந்தது.

9-1-1981

அட்டைகளைப் புரட்டினேன். தங்கப்பொண்ணு நான்கு ஊசிக்கு வரவில்லை. வராதவர்களைத் தேடிப் போகிறது என் வேலை.

12-1-1981

போனேன். வீட்டில் இல்லை, அறுப்பில் இருந்தாள். வரப்பு வரைக்கும் வந்து நின்றாள்.

"இருமல்தான் நின்னுருச்சேக்கா. அறுப்பு நேரத்துல ஊசி ஊசின்னு ஓடுனா யாரு வேலை குடுப்பா? பொங்கல் கழிச்சு வாரேன்."

நிறுத்தினால் திரும்ப வரும், இன்னும் எட்டு மாதம் விடாமல் போட வேண்டும் என்றேன்.

"எட்டு மாசமா? மூணு மாசம்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சிருப்பேன். நமக்கு வந்த பூ அம்புட்டுத்தான். சாமிய நோக முடியுமா?"

சைக்கிளை வண்டிப்பாதை முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

3-2-1981

அவள் புருஷன் சுருளி பஸ்ஸில் கூட்டிவந்தான். முந்தானையெல்லாம் ரத்தம். இது மாத்திரைச் சாயம் இல்லை. சளியில் கிருமி நிறைய. பழைய மருந்துக்குக் கிருமி பழகியிருந்தால் என்ன செய்வது என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். சாவாளா? என்னால் சாவாளா?

4-2-1981

பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நின்றபடியே, ஒரே மூச்சில்.

திட்டுவார் என்று நினைத்தேன். கவர்ப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு, "இதுவரைக்கும் எத்தனை கவர் பிரிச்சிருக்கே?" என்றார். பத்தொன்பது. "மத்த பதினேழுலயும் கை வைக்கலைன்னு நான் எதை வச்சு நம்புறது?" சத்தியம் செய்ய வாயெடுத்தேன். சத்தியம் ஆராய்ச்சியில் செல்லாது என்றார். பத்தொன்பது பேரின் கணக்கும் இனி ஆகாதாம். அத்தனை பேர் வந்து போனது, ஊசி குத்திக்கொண்டது, எல்லாம் வீண். கவர் வைக்கிற அலமாரியின் சாவியை மேஜைமேல் வைத்தேன். பூக்காரி என்று இனி கூப்பிட மாட்டார்.

தங்கப்பொண்ணுவை ஆராய்ச்சியிலிருந்து எடுத்து, சிவப்பு மாத்திரையும் வேறு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப் போகிறார்கள். அவளிடம் நீயேதான் சொல்ல வேண்டும் என்றார்.

5-2-1981

தம்பியிடம் முதலில் சொன்னேன். தட்டை நகர்த்தி வைத்தான். "என்னைய ஒரு வார்த்தை கேட்டியாக்கா?" அவ்வளவுதான் கேட்டான். பட்டறைக்குச் சாப்பிடாமல் போய்விட்டான்.

6-2-1981

வார்டில் தங்கப்பொண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சொன்னேன்.

புரியவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன்.

"அப்ப அன்னைக்கு எனக்கு வந்தது?"

"செவப்பு."

"சாமி எனக்குச் செவப்புத்தான் குடுத்துச்சா?"

ஆமாம் என்றேன். போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

27-2-1981, வெள்ளி

என்னை எக்ஸ்ரே படம் அடுக்குகிற அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். விசாரணை முடிகிறவரை அங்கேதான். ஜன்னலைத் திறந்தால் மாத்திரை கொடுக்கிற இடம் தெரியும்.

தங்கப்பொண்ணு வார்டிலிருந்து போய் ஒரு வாரம் ஆகிறது. தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறாள். ஒரு நாள் தவறவில்லை. ரத்தம் நின்றிருக்கிறது, சளியில் என்ன என்று அடுத்த மாதம்தான் தெரியும்.

இன்று மாத்திரை கொடுக்கிற ஒச்சம்மாள் வரத் தாமதம். தங்கப்பொண்ணு தனியாக நின்றாள். மனசு கேட்கவில்லை. மாத்திரையை எடுத்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு போய் அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. "ஒச்சம்மாக்கா வரட்டும்" என்றாள்.

முக்கால் மணி நேரம் நின்றாள். ஒச்சம்மாள் வந்ததும் அவள் கையால் வாங்கி, குழாயில் தானே தண்ணீர் பிடித்து விழுங்கினாள். வாயைத் திறந்து ஒச்சம்மாளிடம் காட்டினாள்.