நீ உதறிய சட்டைகள்

அன்புள்ள உமாவுக்கு,

மஸ்கட்டில் நான் நல்லா இருக்கேன். இலத்தூரில் நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? அங்கன சாரல் விழுதா?

போனில் சொன்னா பதறுவ. அதான் லீவுக்கு வாற முருகையா அண்ணாச்சிகிட்ட எழுதிக் குடுத்து விடுதேன். போன வாரம் ஒரு பழைய கூரையைப் பிரிச்சோம். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுதானேன்னு மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு உடைக்கப் போனேன். சூப்பர்வைசர் கத்திட்டாரு. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா இருபது வருசம் கழிச்சும் நோய் வருமாம். தலையோட கால் மூடுத உடுப்பு தந்தாங்க. கண்ணாடியில பார்த்து நானே சிரிச்சேன். வேலை முடிஞ்சதும் அதைப் பையில போட்டுக் கட்டிட்டாங்க, துவைக்கவே கூடாதாம். எனக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க, ஒண்ணுமில்ல.

குற்றாலத்துல சீசன் கடைகளுக்குக் கூரை போட நான் இதே சீட்டை அறுத்த எட்டு வருசமும், வெள்ளைத் தூசி படிஞ்ச சட்டையை வாசல்ல உதறித் துவைச்சது நீதான். நீ விடாம இருமுதப்ப, சாரல் ஒத்துக்கலன்னு சொன்னவன் நான். நாளைக்கே தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இதையெல்லாம் சொல்லு.

அண்ணாச்சி திரும்புதப்ப நார்த்தங்காய் ஊறுகாய் குடுத்து விடு. இங்கன சோறு இறங்க மாட்டேங்குது. உன் போட்டோ ஒண்ணு கேட்டிருந்தேம்லா, அது மெதுவா வரட்டும். முதல்ல உன் எக்ஸ்ரேயை அனுப்பு.

வேலைக்குப் போற வேன் வந்துட்டு.

உன் கணேசமூர்த்தி