சின்னப்பொண்ணு கண்ணாடி வாங்கப் போனாள்

இன்று காலை செம்மேட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய நூலகப் புத்தகக் கட்டைப் பிரித்தேன். சணல் கயிற்றை அறுத்ததுமே அச்சு மையும் பசையும் கலந்த புது வாசனை வகுப்பறை முழுக்கப் பரவியது. உனக்கு அந்த வாசனை எவ்வளவு பிடிக்கும். எந்தப் புத்தகம் வந்தாலும் விரித்து முகத்தில் கவிழ்த்துக்கொள்வாய், பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டுப் புரட்டினேன். நாலைந்து பக்கம் தள்ளி ஒரு படத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் இலை, கழுத்தில் பாசிமணி, கையில் ஈட்டி. கீழே 'மலைவாழ் மக்கள்' என்று போட்டிருந்தது.

நீ இருந்திருந்தால், "இத்தனை வருசத்துல இந்த ஆளுக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுக்க ஒருத்தருமே இல்லையா?" என்று கேட்டிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தை மேஜைமேல் போட்டேன். சத்தம் அதிகமாகக் கேட்டிருக்க வேண்டும், முன்வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தொண்ணூற்று ஏழில் நீ எங்கள் பள்ளிக்கு வேலைக்கு வந்தாய். நான் இந்தக் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டிலேயே பிறந்து, கீழே போய்ப் படித்து, திரும்ப இங்கேயே வாத்தியாரம்மாவாக வந்தவள். நீ சேந்தமங்கலத்துக்காரி, உன் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாய், கடைவீதியில் ஜவுளிக்கடை. நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கினதும் உனக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வருவாய். இறங்கியதும் பஸ்ஸைப் பார்த்து ஏதோ திட்டுவாய். ஒரு மாதம் பார்த்துவிட்டு என் அம்மாதான் சொன்னாள்: "எதுக்கு சாமி தெனமும் வாந்தி எடுத்துக்கிட்டு? நம்மூட்டுலயே இருந்துக்க, சனிக்கெழம கீழ போய்க்க." அப்படித்தான் எங்கள் வீட்டின் முன்னறை உன்னுடையதாயிற்று. நீ விரித்த தொழுகைப் பாயும் நான் அடுக்கிய மிளகு மூட்டையும் ஒரே அறையில் இருந்தன. அதை யாரும் பெரிய விஷயமாகப் பேசவில்லை. பெரிய விஷயமும் இல்லை.

செவந்தியை நீ மறந்திருக்கமாட்டாய். அப்போது நான்காம் வகுப்பு. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். அவளுடைய அப்பா மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் லாரி ஓட்டினார். பள்ளி நூலகத்தில் பலவகை மக்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் இலை கட்டிய ஆளின் படத்தைக் காட்டி முன்வரிசைப் பிள்ளை ஒன்றிடம் நீ கேட்டாய்: "யாரு கண்ணு இவங்க?"

"காட்டு மனுசங்க டீச்சர்."

"எந்த ஊரு?"

"தெரியலீங்க. சினிமாவுல வருவாங்க."

கீழே எழுதியிருந்ததை வாசிக்கும்படி செவந்தியை எழுப்பினாய். அவள் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். 'கொல்லிமலை போன்ற இடங்களில்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. பக்கத்து வகுப்பிலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். அவள் உன்னைப் பார்த்துக் கேட்டாள்: "இது எங்கப்பாங்களா டீச்சர்?"

 அதே மாதிரி ஒரு படத்தைச் சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன். அது என்னைப் பற்றியது என்று தெரியாமலே பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் அந்தப் பக்கத்தில் அந்த ஆளுக்குப் பால்பாயிண்ட் பேனாவால் சட்டையும் பேண்ட்டும் போட்டிருந்தது. சட்டைப் பையில் ஒரு சீப்பு. ஈட்டியை அடித்து அடித்துக் கறுப்பாக்கியிருந்தாள் செவந்தி. தலைமையாசிரியர் கொதித்துப்போனார். "அவங்கப்பன வரச்சொல்லு. நூலகப் புத்தகத்தக் கெடுத்து வெச்சிருக்கா."

நீ எழுந்து நின்று சொன்னாய்: "கெடுக்கலீங்க சார். திருத்தியிருக்கா."

அவர் உன்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் செவந்தியின் அப்பாவை அவர் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் களத்தில் மிளகு அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் நாமே ஒரு புத்தகம் எழுதுவது என்று முடிவானது. நான் எழுதுவது, நீ படம் போடுவது. திருவிழாவா, தேன் எடுப்பதா, எதை எழுதலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ கையிலிருந்த மிளகைத் தட்டிவிட்டு என்மேல் பாய்ந்தாய்.

"அதெல்லாம் வேண்டாம் புள்ள. எங்காளுங்க கதையில வந்தா பிரியாணி குடுப்பாங்க, இல்லேன்னா பிறை பாப்பாங்க. ஏன், எங்களுக்குப் பல்லு வலிக்காதா? கணக்குல முட்டை வாங்கமாட்டமா? உங்காளுங்க வந்தா தேன் எடுக்கோணும், பாட்டுப் பாடோணும். சும்மா ஒரு புள்ள இருக்கட்டும். அவளுக்குக் கரும்பலகை தெரியல. கண்ணாடி வாங்கப் போறா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் கதை. சின்னப்பொண்ணு அப்பாவுடன் பஸ்ஸில் கீழே போகிறாள். வளைவில் வாந்தி வருகிறது. பக்கத்தில் இருந்த பெண்ணின் புதுப் பைமேல் எடுத்துவிடுகிறாள். அந்தப் பெண் ரஷீதா. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு மலைக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிறவள், கணக்கில் முட்டை வாங்குகிறவள், கோபக்காரி. இருவரும் சேந்தமங்கலம் வரை சண்டை போடுகிறார்கள். கண்ணாடிக் கடையில் எந்தச் சட்டம் போட்டாலும் சின்னப்பொண்ணுக்கு மூக்கிலிருந்து வழுக்குகிறது. சண்டையை விடாமல் கடைவரை வந்து பார்த்துக்கொண்டிருந்த ரஷீதாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பிறகு இருவரும் சேர்ந்து சட்டம் தேடுகிறார்கள். பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பக்கத்தை நீ மனமார வரைந்தாய். உனக்கு அதில் அனுபவம் போதுமான அளவுக்கு இருந்தது.

நாம் வகுப்பில் வாசித்துக் காட்டினோம். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். செவந்தி மட்டும் சிரிக்காமல் முன்னால் வந்து படத்தைக் கூர்ந்து பார்த்தாள். "இது நம்ம பஸ்ஸுங்க டீச்சர்" என்றாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த முகத்தை வரைந்து வைக்க எனக்குக் கை வராமல் போயிற்றே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

பிறகு அதை அச்சுப்போடக் கேட்டுச் சேலத்தில் ஒரு பதிப்பகத்துக்குப் போனோம். அந்தப் பதிப்பகத்துக்காரர் கெட்டவர் இல்லை. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார், முழுக்கப் படித்தார், வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தார். அதனால்தான் எனக்கு இன்றும் ஆத்திரம் ஆறவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"கதை நல்லா இருக்குதும்மா. ஆனா இவ மலைப்புள்ளைன்னு பாக்கறவங்களுக்குத் தெரிய வேண்டாமா? கழுத்துல ஒரு பாசி, கையில ஒரு ஈட்டி, அந்த மாதிரி."

"கண்ணாடி வாங்கப் போற புள்ளைக்கு ஈட்டி எதுக்குங்க?" என்றாய் நீ.

அவர் அதற்கும் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா, இந்த ரஷீதாங்கற பேரு... நீங்க ஒரு ரம்ஜான் கதை எழுதிக் குடுங்க, தாராளமா அதுல வெக்கலாம். இது பொதுவான கதை பாருங்க" என்றார்.

"பொதுன்னா யாருங்க?" என்றாய்.

அவர் டீ கிளாஸை நகர்த்தி வைத்தார். நான்தான் இடையில் புகுந்தேன்: "ஒரு எழுத்துகூட மாத்தாம போடறதுன்னா போடுங்க. இல்லேன்னா குடுத்துருங்க, நாங்க எடுத்துக்கறோம்." அவர் தலையை ஆட்டி, "பாத்துச் செய்யறேன்" என்றார். அதை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். திரும்பி வரும்போது காரவள்ளியில் பஸ் நின்ற இடத்தில் நீ கடலை வாங்கித் தந்தாய். வளைவுகள் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாய். அன்று உனக்கு வாந்தி வரவில்லை.

புத்தகம் அடுத்த வருடம் பார்சலில் வந்தது. செம்மேடு பஸ் நிலையத்தில் நின்றபடியே பிரித்தோம். சின்னப்பொண்ணு, செல்வி ஆகியிருந்தாள். ரஷீதா, ராணி ஆகியிருந்தாள். படங்களை வேறு யாரோ வரைந்திருந்தார்கள். செல்வியின் கழுத்தில் பாசி இருந்தது, வீடு ஓலைக்குடிசையாக இருந்தது. எங்கள் ஊரில் ஓட்டு வீடும் கான்கிரீட் மெத்தை வீடும் வந்து எத்தனை காலம் ஆகிவிட்டது! ஈட்டியை மட்டும் விட்டுவிட்டார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டுமாம். கடைசியில் நாம் எழுதாத ஒரு பக்கம் சேர்ந்திருந்தது. அதில் ராணி, தினமும் குளிக்க வேண்டும் என்று செல்விக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். செல்வி, 'சரி அக்கா' என்கிறாள்.

நீ அழுவாய் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தாய். அட்டையில் நம் இருவர் பெயரும் சரியாகப் போட்டிருந்தது.

"பாரு புள்ள, அட்டையில என் பேரு இருக்கலாமாம். உள்ள போகத்தான் கூடாதாம்."

சேலத்துக்கு எழுதினோம். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பு வரவே இல்லை.

நமக்கென்று அனுப்பிய பிரதிகளை நான் அடுப்பில் போட இருந்தேன். நீதான் பிடுங்கி வகுப்புக்குக் கொண்டுபோனாய். மைதா மாவில் பசை காய்ச்சினாய். வெள்ளைத் தாளை வெட்டிப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டவைத்தாய். "படம் சரியில்ல சாமிகளா. நீங்களே போடுங்க" என்றாய். அவர்கள் போட்டார்கள். ஒருத்தன் பஸ்ஸுக்குள் கோழி ஏற்றினான். ஒருத்தி ரஷீதாவின் பையை அவள் உயரத்துக்கு வரைந்து, 'அதான் கோவம்' என்று பக்கத்தில் எழுதினாள். செல்வி என்ற பெயரை அடித்துவிட்டு ஆளுக்கு ஆள் தங்கள் பெயரையே எழுதிக்கொண்டார்கள். செவந்தி, மாது, சித்ரா எல்லாரும் கண்ணாடி வாங்கப் போனார்கள். நாம் எழுதாத அந்தக் கடைசிப் பக்கத்தை எல்லாரையும் கிழிக்கச் சொன்னாய். கிழிக்கிற சத்தம் கேட்டு ஓடிவந்த தலைமையாசிரியர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

அதைத் தோல்வி என்று சொல்வதா, வெற்றி என்று சொல்வதா, எனக்குத் தெரியாது. அந்தப் பிரதிகள் கைமாறிக் கைமாறி நைந்துபோயின. கடைகளிலும் மற்றப் பள்ளிகளிலும் செல்விதான் இருந்தாள். குளிக்கச் சொன்னால் 'சரி அக்கா' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில வருடங்களில் உனக்குக் கீழே மாற்றல் வந்தது, பிறகு நோய் வந்தது. சேந்தமங்கலத்தில் உன் வீட்டுக்குக் கடைசியாக வந்தபோது நீ படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். தலையில் முடி இல்லை, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாய். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, "இப்பல்லாம் கொஞ்சம் மாறுது" என்றேன்.

"பொய் சொல்லாத. நாமளேதான் நியாயம் கேட்டுக்கிட்டு இருக்கறோம். கேட்டவங்களுக்கே எத்தன வாட்டி அலுக்கறது? வேற யாராச்சும் கேட்டா என்ன?" மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, "உங்கம்மா கிட்ட நான் கேட்டேன்னு சொல்லு" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது.

உனக்காக நடந்த இரங்கல் கூட்டத்தைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். இத்தனை நாளும் சொல்ல வேறு யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. பேசியவர்கள் எல்லாரும் உன்னை நல்லிணக்கத்தின் அடையாளம் என்றார்கள். மலைமக்களிடம் அன்பு காட்டிய இஸ்லாமியச் சகோதரி என்றார்கள். நீ பஸ்ஸைத் திட்டியதை யாரும் சொல்லவில்லை. நீ படம் போடுவாய் என்பதையே யாரும் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோது புத்தகத்துக்குள் விடாதவர்கள், போனபிறகு உன்னை ஒரு படமாக வரைந்து மாட்டிவிட்டார்கள். என் முறை வந்தபோது நான் எழுந்து, "அவ எங்கூட்டுல இருந்தா. கோவக்காரி. சாமைச் சோறு அவளுக்குப் பிடிக்காது. நல்லாப் படம் போடுவா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

இன்று நான் புத்தகத்தைப் போட்ட சத்தத்துக்கு நிமிர்ந்தவர்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். ஐந்தாம் வகுப்புப் பெண், எதையும் சும்மா விடமாட்டாள். என்ன என்று கேட்டாள். காட்டினேன். பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"நாங்களே ஒண்ணு எழுதுனா அச்சுப் போடுவாங்களா டீச்சர்?"

 போடுவார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நல்ல டீச்சர் அப்படித்தான் சொல்வாள். ஆனால் சேலத்து டீயும், 'பாத்துச் செய்யறேன்' என்ற சொல்லும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு நான் அதைக் கொடுக்க மாட்டேன்.

"போட மாட்டாங்க கண்ணு" என்றேன். "போட்டாலும் பேர மாத்துவாங்க."

அவள் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். "மாத்துனா நாம போயிக் கேக்கலாங்களா?"

"கேக்கலாம்."

"நீங்க வாரீங்களா?"

உன் கோபம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அலுத்துப்போன பிறகும் அது குறையவில்லை. வாரேன் என்று சொல்லிவிட்டேன்.