லொறிக்கு ஒரு தோல் ஸ்டியரிங் உறை

வெள்ளி, பெப். 13

விடிய வானம் மப்பு. ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது. துணி எல்லாம் காய்ந்துவிட்டது.

ஏறாவூர் போக வேண்டும். ஸ்டியரிங் விஷயம். பிளாஸ்டிக் வெடித்து, அதன்மேல் இவர் சுற்றிய கறுப்பு டேப்பும் உருகி, உள்ளங்கையெல்லாம் பிசின். நேற்று ஓட்டிப் பார்க்க எடுத்து, சந்தியில் திருப்பும்போது கை ஒட்டிக்கொண்டது. இந்தச் சனியனோடு திங்கட்கிழமை மில்லுக்கு நெல் ஏற்ற முடியாது.

இவர் விழுந்து வலது தோள் எலும்பு முறிந்ததிலிருந்து லொறி வாசலிலேயே நின்றது. அறுவடைக்கு ஒரு டிரைவரைப் பிடிப்போம் என்றார். எதற்கு? ஹெவி லைசென்ஸ் என்னிடமும் இருக்கிறது. ஓட்டப் பழக்கியதே இவர்தான். மில் மனேஜர், தம்பி வயசுதான், யோசித்து யோசித்துச் சொன்னது: "ஒரு லோட் ஏத்திக் காட்டுங்க அக்கா. சரியெண்டா சீசன் முழுக்க உங்களுக்குத்தான்."

சரியாகத்தான் ஏற்றுவேன். அதில் சந்தேகமே இல்லை.

பின்னேரம். ஏறாவூரில் குஷன் கடை. கடைக்கார நானா ஒரு குவியலையே கொட்டினார்.

- சிவப்பு, பஞ்சு மயிர் வைத்தது. ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது போல. வேண்டாம்.
- ரெக்சின். பளபளப்பு. வியர்த்தால் வழுக்கும். வேண்டாம்.
- கறுப்புத் தோல். ஓரமெல்லாம் துளை. ஊசியும் மெழுகு நூலும் கூடவே.

மூன்றாவதை மணந்து பார்த்தேன். அசல் தோல்தான். அடிப்பக்கம் சொரசொரப்பு.

"ஆருக்கு தங்கச்சி? மாப்பிள்ளைக்கா?"

"எனக்கு, நானா. நான்தான் ஓட்டுறன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லொறியையா?"

"பின்ன, தையல் மெஷினையா?"

சிரித்துவிட்டார். பிறகு ஒழுங்காகச் சொல்லித் தந்தார். நான் நூலால் அளந்து கொண்டுபோன அளவைவிட ஒரு விரல் சின்னதாக எடுக்க வேண்டுமாம். "தோல் இழுபடும் தங்கச்சி. லூசா எடுத்தா சுத்தும்." வெயிலில் வைத்து, சூட்டோடு மாட்டி, இழுத்துத் தைக்க வேண்டும்.

வாங்கியாச்சு. பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். பக்கத்துச் சீட் மனுசி: "என்னகா அது, செருப்பா?"

சனி, பெப். 14

நல்ல வெயில். உறையைக் குசினிக் கூரைத் தகரத்தின்மேல் போட்டேன். சூடு பிடித்ததும் மாட்டிப் பார்த்தேன். மேல் பாதி ஏறியது, கீழ்ப் பாதி வரவில்லை. கீழே இழுத்தால் மேலே கழன்றது. நகம் போச்சு.

இவர் கதிரையில் இருந்தபடி: "இழுத்துப் பிடி புள்ள. அப்பிடியில்ல. ஐயோ, அப்பிடியில்ல!"

"வாயால போட ஏலுமெண்டா நீங்களே போடுங்க!"

கோபம். அப்படியே விட்டுவிட்டு மீன் வாங்கப் போனேன். (வாவி இறால். சின்னது, ஆனால் உயிரோடு.) திரும்பி வந்தால் உறை முழுவதும் ஏறியிருக்கிறது. ஒற்றைக் கையால்!

"எப்பிடி?"

"அது டிரைவர்மார்ட ரகசியம்."

போகட்டும். விழுந்த நாளிலிருந்து இவர் இப்படிச் சிரித்ததில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பின்னேரம் முழுக்க நான் தைத்தேன். நூல் விரலை வெட்டியது, பரவாயில்லை. தையல் நேர். பிடித்தால் கைக்குள் அடங்குகிறது. அழகென்றால் அழகு.

ஞாயிறு, பெப். 15

பூசை. பிரசங்கம் நீளம். மனசு ஸ்டியரிங்கில். ஃபாதர் லொறிக்குத் தீர்த்தம் தெளித்தார். "கவனமா ஓட்டுங்க" என்று இவரைப் பார்த்துச் சொன்னார். "ஓட்டுறது நான் ஃபாதர்" என்றேன். இன்னொரு தரம் தெளித்தார்!

திங்கள், பெப். 16

மனசு இன்னும் ஆறவில்லை. எழுதினால் ஆறும்.

விடிய வெளிக்கிட்டோம். படுவான்கரையில் வயல் வட்டை, ஒரே வெளி. வெட்டு மெஷின் போய்விட்டது, மூட்டைகள் வரப்போரம் அடுக்கு. இவர் இடப்பக்கச் சீட்டில். மனேஜர் தம்பி மோட்டார் சைக்கிளில் பின்னால். ஏற்றி முடிய உச்சி வெயில்.

வட்டையை விட்டு வெளியேறும் வாய்க்கால் மதகில் வலப்பக்கம் ஒடித்தேன். ஸ்டியரிங் திரும்பவில்லை. உறை மட்டும் கையோடு சுழன்றது. பிரேக்கில் ஏறி நின்றேன். "யேசுவே!" என்று இவர் கத்தினார். முன் சில்லு மதகு ஓரத்தால் இறங்கி, லொறி சரிந்து நின்றது. மூட்டை ஒன்றும் விழவில்லை.

மூட்டை ஏற்றிய ஆட்கள் ஓடிவந்தார்கள். "பொம்புளைட்டக் குடுத்தா இப்பிடித்தான்."

மனேஜர் தம்பி பார்த்துவிட்டு, மெல்லமாக: "குறை நினைக்காதீங்க அக்கா. நாளையில இருந்து நான் வேற லொறி பாக்கிறன்."

உள்ளங்கையைப் பார்த்தேன், மினுக்கம். மணந்தேன். தேங்காய் எண்ணெய்! சூட்டில் இளகித் தையல் துளையாலெல்லாம் கசிந்திருக்கிறது. டிரைவர்மார் ரகசியம் விளங்கிவிட்டது. உறை ஏறுவதற்காக உள்ளே பூசியிருக்கிறார். தலைக்கு, சுளுக்குக்கு, கதவுப் பிணைச்சலுக்கு, எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதானே.

இவரைப் பார்த்தேன். இவர் வெளியே பார்த்தார்.

பற்றி எரிந்தது எனக்கு. ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் இந்த வட்டைக்குள் இவரைக் கண்டால் "சூசையண்ணன்" என்று எழும்பி நிற்கிற ஆட்கள் அவர்கள். இப்போது இவரிடம் மிச்சம் இருப்பது அந்த மரியாதை ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டேன். சீசன் போனால் போகட்டும் என்று நினைத்தேனா? இல்லை. அழுகைதான் வந்தது.

இடப்பக்கக் கதவு திறந்தது. ஒற்றைக் கையால் பிடித்து இறங்கி, சுற்றி வந்து எல்லோருக்கும் நடுவில் நின்றார்.

"தம்பி, பிழை அவவில இல்ல. என்னில. உறை ஏறல்லயெண்டு நான்தான் உள்ளுக்கத் தேங்காயெண்ணெய் பூசினன். அவவுக்குத் தெரியாது." லொறியைக் காட்டி, "நான் ஓட்டியிருந்தா வண்டி இப்ப வாய்க்காலுக்க கிடந்திருக்கும். அவ பிடிச்சிட்டா."

மனேஜர் ஏறி உறையைத் திருப்பிப் பார்த்தார். சுழன்றது. "ஐயோ அண்ணன், இதென்ன மீன் பொரிக்கிற தாச்சியா!"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் தலைகுனிந்து நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ட்ராக்டர் வந்து இழுத்தது. தையலை வெட்டி உறையைக் கழற்றி, சாக்குத் துணியால் ஸ்டியரிங்கைத் துடைத்து, மில் வரை நானே ஓட்டினேன். மில்லில் பின்பக்கமாக எடுத்து, ஒரே தரத்தில் மேடையோடு ஒட்ட நிறுத்தினேன். மனேஜர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். சொன்னது "பாப்பம் அக்கா" மட்டும்.

எண்ணெய் உறையை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

செவ்வாய், பெப். 17

காற்று. வாவிப் பக்கம் தெளிவு. மில்லிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

உறைக்குக் கோதுமை மா தூவி எண்ணெயைக் குடிக்க விட்டேன். தட்டினேன், திரும்பவும் தூவினேன். சவர்க்கார நுரையால் துடைப்பு. பிறகு வெயில். ஸ்டியரிங்கை இவர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார், நான் கேட்காமலே.

மத்தியானம் மாட்டினோம். மேலே இவர் இடது கையால் அழுத்திப் பிடிக்க, கீழே நான் முழங்காலை ஊன்றி இழுத்தேன். ஏறிவிட்டது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

"நேத்து ஏன் சொன்னீங்க?"

"சொல்லாட்டி உன்ட முகத்த எப்பிடிப் பாக்கிற?"

நூல் போதவில்லை. வலைக்காரரிடம் தூண்டில் நூல் வாங்கி மெழுகு பூசினேன். இன்னும் நல்லது.

அந்தி. கடைசி முடிச்சுப் போடும்போது இவருடைய போன். மில் மனேஜர். ஸ்பீக்கரில் கேட்டது: "அண்ணன், நாளைக்கு விடிய லொறி அனுப்ப ஏலுமா?"

"அத டிரைவரிட்டக் கேளுங்க தம்பி" என்று போனை என்னிடம் நீட்டினார்.