சாம்ராஜின் கைவலை

சித்தூர்,
ஐப்பசி, ஓயாத மழை.

அன்பு சாம்ராஜ்,

ஒன்டாரியோ ஏரிக்கரையில் நீ சால்மன் மீனை இரு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கும் படம் வந்தது. இலையுதிர் காலத்தில் சால்மனும் டிரவுட்டும் கரையோரம் வருமாமே. இங்கே நம் ஏரியும் நிரம்பிவிட்டது.

இனி மகனோடு அங்கேயேதான், என் கைவலையை யாருக்காவது கொடுத்துவிடு என்று எழுதியிருந்தாய். சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். நாம் உட்காரும் இடத்தில் ஒருவர் தூண்டில் போட்டிருந்தார்.

"நீங்க தூண்டில் போடலியா மாஸ்டாரு?"

"எனக்குத் தெரியாதுப்பா. சிநேகிதரு தூண்டில் போடுவாரு, இருபது வருஷமா நான் வலை மட்டும்தான் புடிச்சிக்கினு இருந்தேன்."

அவர் சிரித்தார். தூண்டிலும் வலையும் கரும்பலகையும் சாக்பீஸும்போல, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுத முடியாது என்று அவருக்கு விளக்கினேன். அதற்குள் அவர் தூண்டிலில் ஒரு கட்லா மீன் மாட்டியது. "வலை, வலை!" என்று உன்னைப்போலவே கத்தினார். முழங்கால் தண்ணீரில் இறங்கி மீனை வலையில் அள்ளிக் கொடுத்தேன்.

"வலைய எனக்கே குட்துடுங்களேன்."

"இது என்னுது இல்லப்பா. ஊருக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு."

வாய் தவறி வந்துவிட்டது. வலையைக் கழுவிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.

படத்தை மறுபடி பார்த்தேன். எடுத்தவரின் நிழல் உன் காலடியில் விழுந்திருக்கிறது. நிழலின் ஒரு கையில் வலை இருக்கிறது. மீனின் தலை முதலில் உள்ளே வரவேண்டும் என்று அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடு. எனக்கு அது பிடிபட மூன்று வருடம் ஆனது.

இப்படிக்கு,
உன் வலைக்காரன்