பேர் சொல்லாத வார்டு

24-6-57
மேலிடத்திலிருந்து புது உத்தரவு. ஊசி போடுமுன் நோயாளியின் பெயரைக் கேட்டு உறுதி செய்யவேண்டுமாம். நல்லதுதான். எழுதியவர் ஒருநாள் எங்கள் ஆண்கள் வார்டில் நின்று பார்க்கட்டும். பாதிப் பேர் காய்ச்சலில் பிதற்றுகிறார்கள். பக்கத்தில் இருப்பது பெண்டாட்டி. புருஷன் பேரை அவள் சொல்வாளா?

26-6-57
கூரை ஒழுகுகிறது. ஹெட் நர்ஸ் என்று பேர், கட்டில்களை இழுத்து இழுத்து என் இடுப்பு போச்சு. கட்டிலுக்கொரு சிலேட்டு கேட்டேன், பேர் எழுதி மாட்ட. அனுமதி வரட்டும் என்றார் டாக்டர்.

27-6-57
அனுமதி வருவதற்குள் ஓர் ஆள் போயிருப்பார். சர்க்கரை வியாதிக்காரர் கருப்புசாமிக்குப் போடவேண்டிய இன்சுலினை, அவர் இடத்துக்கு இழுத்துப் போட்டிருந்த காய்ச்சல்காரர் காளிச்சாமிக்குப் போட்டுவிட்டாள் நர்ஸ் சாந்தம்மாள். உத்தரவுப்படி கேட்டாளாம், "கருப்புசாமிதானே?" என்று. காளிச்சாமியின் பெண்டாட்டி மயிலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். சாந்தம்மாள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டி, கைகால் வெட்டி இழுத்து — குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்கவைத்தோம்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

"இல்லீன்னா, பின்னே என்ன பேருன்னு கேப்பீங்களேங்க."

அவளை அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்றிருந்தது.

29-6-57
சாந்தம்மாளை வேலையைவிட்டு நிறுத்தப்போகிறார்களாம். கூரை ஒழுகுவதை யார் நிறுத்துவது? சண்டை போட்டேன். "இவர்தானேன்னு கேட்டா தலைதான் ஆடும் சார். பேர் என்னன்னு கேக்கணும். வாயால சொன்னாத்தான் ஊசி." டாக்டர் ஒத்துக்கொண்டார். இன்னொரு தப்பு நடந்தால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகவேண்டுமாம்.

4-7-57
ஒரே கூத்து. "பழனிமலைச் சாமி பேருங்க" என்கிறாள் ஒருத்தி. முருகனா, வேலனா, தண்டபாணியா? நானாகச் சொல்லவும் கூடாது. தொண்டை வறண்டுபோச்சு.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டே, "நீ சொல்லுவியா ஷரீஃபா?" என்கிறார். உங்க வேலையைப் பாருங்க என்றேன்.

19-7-57
அவரைக் கடையிலிருந்து தூக்கிவந்தார்கள். கடும் காய்ச்சல், நினைவில்லை. சாந்தம்மாள் ஊசியோடு வந்தாள்.

"பேரு என்னங்கக்கா?"

"உனக்குத் தெரியாதாடீ?"

"தெரியுமுங்க. நீங்கதான் சொல்லோணும்."

எத்தனை பெண்களை அதட்டியிருப்பேன்? வார்டே பார்த்தது. அவள்மேல் அப்படியொரு கோபம் வந்தது. கையில் ஊசியோடு அப்படியே நின்றாள், பாவி.

"தாவூத்" என்றேன். நிக்காஹ் ஆனபிறகு முதல் தடவை.

அதற்கப்புறந்தான் ஊசி போட்டாள்.