சித்தப்பா பெயர் வெட்டிய கல்

தை 14, செவ்வாய்

கோலார் பக்கம் பழைய தங்கச் சுரங்கங்களைப் பார்த்துவிட்டுத் திருமயம் வந்து சேர்ந்தோம். வேனில் வந்தவர்கள் எல்லாம் படுத்தாயிற்று. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அங்கே சுரங்கத்தில் செத்தவர்களின் பெயர் வெட்டிய கல் ஒன்று இருந்தது. சித்தப்பா மகன் மாணிக்கம் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, இங்கிட்டு வாங்க! எங்கப்பா பேரு இருக்கு. எம்பது வயசு வரைக்கும் கறிச்சோறு தின்ன மனுசன இங்க கொன்னுபுட்டாய்ங்க!"

சுற்றிக்காட்டியவர் சொன்னார்: "உள்ள எறங்குறவங்க பேரு போட்ட வில்லையக் குடுத்துட்டுப் போவாங்கம்மா. விபத்தன்னைக்குத் திரும்ப வாங்காத வில்லைய வச்சுத்தான் செத்தவங்க பேர எழுதுனாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுரங்கத்தில் அப்பாவும் சித்தப்பாவும் வேலை பார்த்தபோது எனக்கு ஐந்து வயது. சித்தப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். ஒருநாள் அம்மா எழுமுன்னே அவர் வில்லையை வாங்கிக்கொண்டு, அவருக்குப் பதிலாக அப்பா வேலைக்குப் போனார். அப்புறம் வரவே இல்லை. சித்தப்பாதான் எங்களை ஊருக்குக் கூட்டி வந்தார். "அண்ணன் எவளோடயோ ஓடிட்டாரு மதினி" என்று அம்மாவிடம் சொன்னவரும் அவரே. அம்மா தாலியோடு காத்திருந்தே செத்தாள்.

போன ஆடி அமாவாசைக்கு, சித்தப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கடலுக்குப் போகும்போது மாணிக்கம் கேட்டான்: "பெரியப்பாவுக்கும் சேத்து எறச்சிரவா அக்கா?"

ஓடிப்போன ஆளுக்கு எதுக்குடா என்று தடுத்தவள் நான்தான்.